கோதுமையும் நம்மவர் வயிறும்

தில்லிக்கு வந்து குடியேறும் தமிழர்கள், தமக்கு நேரும் வயிற்றுக் கோளாறு எதுவாயினும் அதைத் தண்ணீரின் தலையில் சுமத்திவிடுவது நெடுநாளைய வழக்கம். யமுனைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அடுத்து, குளிர் என்பார்கள், புழுதி என்பார்கள், கடுகெண்ணெய் என்பார்கள். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. தண்ணீரால் வரும் நோய்கள் இந்நகரில் உண்டு. ஆனால் ஊர் மாறியபோது தண்ணீரோடு கூடவே மாறிய மற்றொரு பொருளும் உண்டு. அதன்மேல் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. நாள்தோறும் நம் தட்டில் வந்து விழும் கோதுமைதான் அது.

நேயர்களே, நாம் ஊரை விட்டுக் கிளம்பும்போது அரிசியைக் கைவிடும் எண்ணத்தோடு கிளம்புவதில்லை. கரோல்பாகிலும் முனீர்க்காவிலும் மயூர் விஹாரிலும் நம் ஊர்ச் சாமான்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன, புழுங்கலரிசியும் கிடைக்கிறது. எனினும் பழக்கம் சிறுகச் சிறுக மாறிவிடுகிறது. காலை அவசரத்துக்கு ரொட்டித் துண்டு; அலுவலகச் சிற்றுண்டிச்சாலையில் நண்பகல் சப்பாத்தி; நாலு மணித் தேநீரோடு ஒரு சமோசா; இரவில் மறுபடியும் சப்பாத்தி. குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் பராட்டா வேண்டுமென்று அடம்பிடிக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் குழந்தை அதைத்தானே கொண்டுவருகிறது! நாற்பது வயதைக் கடந்து சர்க்கரை வியாதி எட்டிப் பார்த்தாலோ, இராத்திரியில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுங்கள் என்று உறவினர் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை எல்லாரும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். இவ்வாறாக, ஊரில் மாதத்துக்கு இரண்டொரு முறை பூரியாகவோ உப்புமாவாகவோ வந்துபோன விருந்தாளி, இங்கே வீட்டுக்காரனாகவே ஆகிவிடுகிறான்.

பெரும்பாலோருக்கு இதனால் யாதொரு தீங்கும் இல்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். கோதுமை நல்ல தானியம். உலகத்தில் கோடிக்கணக்கான மக்களை அது காப்பாற்றி வருகிறது. ஆயினும் ஒரு சிலருடைய உடம்பு அதை உணவாக ஏற்பதில்லை. பகையாகக் கருதிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அழிவது கோதுமையன்று, அவர்களுடைய சொந்தக் குடல். இந்நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

கோதுமையிலுள்ள எப்பொருள் இதற்குக் காரணம்? அதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். பிசைந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையை எடுத்துத் தண்ணீரில் கசக்கிக் கசக்கி அலசினால், வெள்ளை மாவெல்லாம் பாலாகக் கரைந்து போய், கையில் இரப்பர் போன்ற ஒரு பிசின் எஞ்சி நிற்கும். அதுதான் குளூட்டன் என்னும் புரதம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் பசை என்றே பொருள். சப்பாத்தி கிழியாமல் வட்டமாக விரிவதும், பரோட்டாவை வீசி அடிக்க முடிவதும் இந்தப் பசையினால்தான். திருநெல்வேலி அல்வா கிண்டுபவர்கள் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலைப் பிழிந்தெடுத்துக்கொண்டு சக்கையை ஒதுக்குகிறார்களே, அந்தச் சக்கையோடு பசையில் பெரும்பங்கு போய்விடுகிறது. அதனால் அல்வா இந்நோயாளிகளுக்கு ஆகும் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். பாலிலும் பசையின் மிச்சம் இருக்கும். பார்லியிலும், மேலைநாட்டு ரை என்னும் தானியத்திலும் இதன் இனத்தைச் சேர்ந்த புரதங்கள் உண்டு. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, மக்காச்சோளம் ஆகியவற்றில் இல்லை. பருப்பு வகைகளிலும் இல்லை.

சிறுகுடலின் உட்சுவர் வழுவழுப்பான குழாயன்று. கம்பளத்தின் மேற்பரப்பைப் போல் எண்ணற்ற நுண்ணிய இழைகள் அதில் நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் எனப்படும் அவையே உணவின் சத்தை இரத்தத்துக்குள் ஏற்றுகின்றன. சீலியாக் நோயில், குளூட்டனைக் கண்டு வெகுண்ட உடலின் தடுப்பாற்றல் இவ்விழைகளையே தாக்குகிறது. இழைகள் குட்டையாகி, தேய்ந்து, இறுதியில் கம்பளம் வழித்துவிட்ட பாய் போல் ஆகிவிடுகிறது. அதன்பிறகு எவ்வளவு நெய்யும் பாலும் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. இரும்புச்சத்து ஏறாது; சுண்ணாம்புச்சத்து ஏறாது. குளூட்டனை அறவே நிறுத்திவிட்டால் இழைகள் மறுபடி வளர்கின்றன. மருந்து என்று ஒன்றும் இதற்கு வழக்கில் இல்லை. பத்தியமே மருந்து, அது ஆயுட்காலப் பத்தியம்.

இந்த எளிய உண்மையைக் கண்டறிய மனிதகுலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே அரிட்டேயஸ் என்னும் கிரேக்க வைத்தியர் இந்நோயின் இலட்சணங்களை எழுதி வைத்தார். 1888-இல் இலண்டனில் சாமுவேல் ஜீ என்பவர், குழந்தைகளிடம் அதைத் தெளிவாக விவரித்து, குணம் என்று ஒன்று உண்டானால் அது உணவின் வழியாகவே வரவேண்டும் என்று கருதினார். எந்த உணவு என்பது அவருக்கும் பிடிபடவில்லை. 1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழப் பத்தியம் கொடுத்துக் குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ அபூர்வ சக்தி இருக்கிறது என்று உலகம் நம்பியது. சக்தி பழத்தில் இல்லை. பழம் தின்ற குழந்தை ரொட்டி தின்னவில்லை, அவ்வளவுதான்.

குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. ரொட்டியே பகை என்ற ஐயம் அவருக்கு 1930-களிலேயே தோன்றியிருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. மக்கள் டியூலிப் பூவின் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். நாடெல்லாம் மெலிந்து வாடிய அக்காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி மீண்டும் கிடைக்கத் தொடங்கியபோது அவர்கள் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950-இல் டிக்கே தம் ஆராய்ச்சியை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சீலியாக் நோய் வெள்ளைக்காரர்களின் நோய் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். வட இந்தியக் குழந்தைகளிடமும் அது உண்டு என்னும் ஆய்வுக் கட்டுரை 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன் பிறகும் அது அபூர்வமான நோயாகவே கருதப்பட்டது. 2011-இல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கோவிந்த் மகாரியாவும் அவர் குழுவினரும், தில்லி வட்டாரத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். 96 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் அந்நோய் இருந்தது. ஒரு பெரிய அரசாங்கக் கட்டடத்தின் ஒரு மாடியில் வேலை செய்வோரை எண்ணினால் ஒருவருக்காவது இருக்கக்கூடும் என்று இதற்குப் பொருள்.

தமிழர்களாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அடுத்து வந்த ஆய்வு. பி. எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் 2016-இல் வெளியிட்டது அது. ஹரியாணா-தில்லி வட்டாரம், அஸ்ஸாம், நம் வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கு மேற்பட்ட வயது வந்தோரைச் சோதித்தார்கள். நோயின் அளவு வடக்கே ஆயிரத்துக்கு 8.53, அஸ்ஸாமில் 4.66, வேலூரில் 0.11 என்று கண்டது. அதாவது வேலூர்ப் பக்கத்தில் பதினாயிரம் பேருக்கு ஒருவர். இதைக் கேட்டதும், தமிழனுடைய இரத்தமே வேறு, அவனை இந்நோய் அண்டாது என்று சொல்லத் தோன்றும். அவ்வாறன்று. இந்நோய் வருவதற்கு டி.கியூ.2, டி.கியூ.8 எனப்படும் மரபணு வகைகளில் ஒன்று உடம்பில் இருக்க வேண்டும். அம்மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேருக்கும், தெற்கே நூற்றுக்கு 36 பேருக்கும் இருந்தது. வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. வித்தியாசம் இருந்தது தட்டில். நாளொன்றுக்கு ஒருவர் உண்ணும் கோதுமையின் சராசரி வடக்கே 455 கிராம். தெற்கே 25 கிராம்.

விதை இரண்டு நிலங்களிலும் ஒன்றுபோலவே கிடக்கிறது. தெற்கே அதற்குப் போதிய நீர் பாயவில்லை. நாமோ, அந்த விதையை உடம்பில் சுமந்துகொண்டு நீர் பாயும் நிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இதனால் வடக்கே வந்த தமிழர் எல்லாரும் நோயாளிகளாவர் என்று பொருளன்று. மரபணு உள்ளவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. வடநாட்டாரையே பாருங்கள், நூற்றுக்கு 38 பேருக்கு மரபணு இருந்தும் நோய் ஒருவரைத்தான் பற்றுகிறது. ஆயினும், தமிழர்களுக்கு இது வராது என்ற எண்ணத்தை நாமும் விடவேண்டும். நம்மைச் சோதிக்கும் மருத்துவர்களும் விடவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வதந்தியைப் பற்றியும் சொல்லிவிடலாம். பசுமைப் புரட்சியில் வந்த குட்டைக் கோதுமையால்தான் இந்நோய் உண்டாயிற்று, பழைய கோதுமையால் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். தில்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் அப்புதிய இரகங்களைப் பரப்பப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். 1968-இல் கோதுமைப் புரட்சி என்று தபால்தலையே வெளியிட்டார்கள். அப்புரட்சியால் பசி தணிந்தது. கோதுமை உண்ணும் அளவும் பெருகியது. ஆனால் பசையின்றி ஒரு கோதுமை எக்காலத்திலும் இருந்ததில்லை. அரிட்டேயஸ் கண்ட நோயாளிகள் குட்டைக் கோதுமை தின்றவர்களல்லர். சம்பாக் கோதுமை ரவை உடம்புக்கு நல்லது என்று வாங்குகிறோமே, அதுவும் கோதுமையே.

இந்நோய் வயிற்றுப்போக்காகத்தான் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். குழந்தைகளுக்கு வயிறு உப்பும். கை கால்கள் சூம்பும். வயதுக்கேற்ற உயரம் வராது. பெரியவர்களுக்கோ வயிற்றில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் ஏறாத சோகை, இளவயதிலேயே எலும்பு தேய்தல், காரணம் விளங்காத சோர்வு, கருத்தரிப்பதில் தடை, ஆறாத வாய்ப்புண் என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும். நாம் அறிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் இருந்தது. அவர்களுடைய மூத்த பெண் பன்னிரண்டு வயதிலும் எட்டு வயதுக் குழந்தைபோல் இருந்தாள். வெளுத்த முகம். ஆறு வருஷம் டானிக் குடித்தாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். உடம்பு தேறட்டும் என்று காலையில் கோதுமைக் கஞ்சியும் மாலையில் மால்ட் பானமும் தவறாமல் புகட்டினாள் அந்தத் தாய். திருஷ்டி கழித்தார்கள். விடுமுறைக்கு ஊர் போனால் மட்டும் அவளுக்குச் சற்று நிறம் வரும். பாட்டி கையால் சாப்பிட்டதனால் என்று பூரித்துப்போவார்கள். பாட்டி போட்டது சோறும் இட்லியும் என்பதை எவரும் யோசிக்கவில்லை. வேறொரு காரணத்துக்காகப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்ததில்தான் உண்மை தெரிந்தது. பத்தியம் தொடங்கிய இரண்டு ஆண்டுகளில் அப்பெண் பழைய பாவாடைகளையெல்லாம் தங்கைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பரிசோதனையைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக் காலையிலேயே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். டி.டி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடுவது முதற்படி. அது மிகுந்திருந்தால், வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து கடுகளவு சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது அடுத்த படி. கோதுமையை நிறுத்திப் பல வாரங்கள் ஆனபின் பரிசோதித்தால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும். குடலிழைகளும் வளரத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரும். உண்டுகொண்டிருக்கும்போதே பரிசோதனை, முடிவு தெரிந்த பிறகே பத்தியம். ஒருவருக்கு நோய் உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரையும் பரிசோதிக்க வேண்டும். அத்தகைய நெருங்கிய உறவினரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு நோய் இருக்கக் காண்கிறார்கள்.

சொற்களோடு நாள்தோறும் மல்லாடும் தொழில் நம்முடையது. ஆகையால் ஒரு சொல்லைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம். இங்கே இந்நோயை மக்கள் கோதுமை அலர்ஜி என்கிறார்கள். தமிழிலும் ஒவ்வாமை என்று எழுதிவிடுகிறோம். ஒவ்வாமை என்றவுடன், கத்திரிக்காய் தின்றால் அரிப்பு வருவதுபோல் ஏதோ ஒன்று, அரிப்பு வராவிட்டால் கொஞ்சம் தின்னலாம் என்ற எண்ணம் உண்டாகிறது. உண்மையான கோதுமை ஒவ்வாமை தனி நோய். அது தின்ற சற்று நேரத்தில் தடிப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ வெளிப்படும். சீலியாக் நோயோ தின்றவன் அறியாமலே உள்ளே அரிக்கும். ஒன்றும் செய்யவில்லையே என்று வாரம் ஒரு பூரி தின்பவருடைய குடல் தேய்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதாக இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. குடலிழைகளும் செம்மையாக இருக்கின்றன. ஆனால் கோதுமை உண்டால் வயிறு உப்புகிறது, தலை கனக்கிறது, சோர்வு வருகிறது. இதைக் குளூட்டன் கூருணர்வு என்கிறார்கள். இவர்களுடைய துன்பத்தைப் பொய் என்று தள்ளுவது அநியாயம். எனினும் குளூட்டன்தானா காரணம் என்பதில் ஐயம் உண்டு. 2018-இல் நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், இத்தகையோருக்குத் தொல்லை தந்தது பெரும்பாலும் குளூட்டன் அன்று, கோதுமையிலுள்ள ஃப்ரக்டன் என்னும் மாவுச்சத்து வகை என்று தெரியவந்தது. வெங்காயத்திலும் பூண்டிலும் அது உண்டு. இவர்கள் கோதுமையைக் குறைத்துக்கொண்டால் போதும். துளித் துகளுக்கும் அஞ்ச வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இல்லை. உடல் இளைப்பதற்காகக் குளூட்டனை ஒதுக்கும் புது நாகரிகக்காரர்களைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. அவர்களால் கடைகளில் அரிசிமாவு ரொட்டி வந்து சேர்ந்தது என்பது ஒரு நன்மைதான். அதன் விலையும் அவர்களை மனத்தில் வைத்தே குறிக்கப்பட்டிருக்கிறது.

துகள் என்றோம். அது மிகையன்று. ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் குளூட்டன் இருக்கிறது. 2007-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நாள்தோறும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் உட்கொண்டவர்களுக்கே குடலிழைகள் கெடத் தொடங்கின. ஆகவேதான், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத உணவையே குளூட்டனற்றது என்று விற்கலாம் என்று நம் அரசாங்கத்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் சமையலறைக்குள் நுழைவோம். தமிழர் சமையல் பெரும்பாலும் அரிசியும் பருப்பும்தானே, நமக்கென்ன கவலை என்றுதான் தோன்றும். முக்கால்வாசி அது மெய். இட்லி, தோசை, அடை, பொங்கல், ஆப்பம், இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை ஆகிய யாவும் இந்நோயாளிகளுக்கென்றே கண்டுபிடித்தவைபோல் இருக்கின்றன. பில்டர் காப்பிக்கும் தடையில்லை. உப்புமா, கேசரி, ரவா தோசை, சேமியாப் பாயசம் ஆகியவை வெளிப்படையான பகைவர்கள். அவற்றைத் தவிர்ப்பது சுலபம். மறைந்திருக்கும் பகைவன் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் சிறு டப்பாவில் இருக்கிறான். பெருங்காயத்தைத்தான் சொல்கிறோம். ஆப்கானிஸ்தானத்திலும் மத்திய ஆசியாவிலும் செடியின் வேரிலிருந்து வடியும் பால் மிகக் காரமானது. அதை அப்படியே பயன்படுத்த முடியாது. ஆகவே மாவும் பிசினும் கூட்டிக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல சமயங்களில் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் என்று எதில்தான் நாம் பெருங்காயம் போடுவதில்லை? டப்பாவின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அரிசிமாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் இதே விதி. 2020-இல் வந்த விவரச்சீட்டு விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் கலந்திருந்தால் அதைப் பொட்டலத்தின் மேல் அறிவிக்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும்; கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் பார்லியும் உண்டு. நோயாளிக்குப் பலம் தரும் என்று நாம் பழங்களோடு வாங்கிச் செல்லும் புட்டி அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சோயாச் சாறு கோதுமை சேர்ந்தது. ஓட்ஸ் தன்னளவில் வேறாயினும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்து வருவதால் நம்பத்தக்கதன்று. தெருமுனைச் சக்கியில் அரிசியைக் கொடுத்து அரைத்து வாங்கினாலும் ஆபத்தே. அந்தக் கல்லில் காலை முதல் கோதுமைதான் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் அரைப்பதே மேல். உணவு விடுதியில் அப்பளம் கேட்டால், அது சமோசா பொரித்த எண்ணெயிலேயே பொரிந்து வரும். வீட்டிலும் சப்பாத்தி இட்ட கல்லில் தோசை வார்க்கக் கூடாது. தனிக் கல் வேண்டும். வசதியுள்ள சில வீடுகளில், ஒருவருக்காக எல்லாருமே கோதுமையை விட்டுவிடுகிறார்கள். செலவிலும் மனநிம்மதியிலும் அதுவே ஆதாயம் என்பது நம் எண்ணம்.

நம் வடநாட்டு அண்டை வீட்டாரிடமிருந்தும் கற்க வேண்டியது உண்டு. பஞ்சாபியர் குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டி செய்கிறார்கள். ராஜஸ்தானத்தார் கம்பு ரொட்டி தட்டுகிறார்கள். நவராத்திரி விரதத்தில் தானியம் நீக்கி, குட்டூ என்னும் மாவிலும் சிங்காடா மாவிலும் பூரி சுடுகிறார்கள். குட்டூவின் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் கோதுமை என்ற சொல் வந்து தொலைக்கிறது. ஆனால் அது கோதுமை இனமே அன்று, வேறொரு செடியின் விதை. சிங்காடா என்பது தண்ணீரில் விளையும் கொட்டை. தில்லியில் ஒரு சீலியாக் நோயாளி கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்கக்கூடிய நாட்கள் ஆண்டில் அந்த இரண்டு நவராத்திரிகளே. அக்காலத்தில் புதிதாக அரைத்த மாவாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பழைய குட்டூ மாவு கெட்டு வயிற்றைக் கலக்கும்.

பத்தியத்தின் கடினம் நாவில் இல்லை. நாலு பேர் நடுவில் இருக்கிறது. அலுவலகத்தில் பதவி உயர்வு பெற்றவர் இனிப்பு நீட்டுகிறார். வேண்டாம் என்றால் பொறாமை என்று கொள்வாரோ? பங்களா சாகிப் குருத்துவாராவில் கையில் வைக்கும் கடா பிரசாதம் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்தது. இருகையேந்தி வாங்கி, கண்ணில் ஒற்றி, உடன் வந்தவரிடம் கொடுத்துவிடுவார் ஒருவரை நாம் அறிவோம்; யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. நம் கோயில்களில் ரவாகேசரி தருகிறார்கள். சர்க்கரைப் பொங்கல் தரும் நாளாகப் பார்த்துப் போகலாம். கத்தோலிக்க அன்பர்களுக்குச் சிக்கல் பெரிது. திருப்பலி அப்பம் கோதுமையால் ஆனதாகவே இருக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. குளூட்டனை முற்றிலும் நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைத்தது செல்லும் என்று 2017-இல் வத்திக்கான் மறுபடியும் தெளிவுபடுத்தியது. அதுவும் ஆகாதவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லித் திராட்சை இரசம் மட்டும் பெறலாம்.

எல்லாவற்றிலும் வேதனை தருவது பெண்பிள்ளைகள் விஷயம். வரன் பார்க்கும்போது இந்நோயை மறைத்துவிடுகிறார்கள். மாமியார் வீட்டில் முதல் நாளே சப்பாத்தி இடச் சொல்வார்கள். எல்லாரும் உண்டபின் அதையே உண்ணவும் சொல்வார்கள். வாய் திறக்க அஞ்சி உண்டு, ஓராண்டில் சோகையில் படுத்து, குழந்தைப் பேறும் தள்ளிப்போய், அதற்கும் பழி சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தொற்று நோயன்று இது. பத்தியத்தோடு இருப்பவள் மற்றப் பெண்களைப்போலவே வேலை பார்ப்பாள், பிள்ளை பெறுவாள், வளர்ப்பாள். மறைத்துச் செய்யும் கல்யாணத்தைவிட, அரிசிச் சோறு சமைக்கும் வீடாகப் பார்த்துச் சொல்லிச் செய்யும் கல்யாணம் ஆயிரம் மடங்கு மேல். தமிழர்களாகிய நமக்கு அத்தகைய வீட்டைத் தேடுவது அவ்வளவு கஷ்டமும் அன்று.

ஓய்வு பெற்று ஊர் திரும்புவோருக்கு ஒரு வார்த்தை. அரிசி நாட்டுக்குப் போய்விட்டால் நோயும் தில்லியோடு ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை விழித்துக்கொண்ட பகை பிறகு தூங்குவதில்லை. அங்கேயும் இப்பொழுது தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை. நியாயவிலைக் கடையில் கோதுமையும் கிடைக்கிறது. மேலும், அப்பகுதியில் நோய் அரிதாகையால், புதிதாகப் பார்க்கும் மருத்துவர் அதை முதலில் நினைக்கமாட்டார். இரத்தப் பரிசோதனை முடிவும், குடற்சதையைப் பார்த்து எழுதிய அறிக்கையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஓய்வூதியக் காகிதங்களோடு அவற்றையும் ஒரே உறையில் வைத்துக் கட்டுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்துப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள்.